அம்மன்கிட்ட கேட்டேன், கௌசிகிட்ட கேக்கலை

வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வந்திருக்கிற அம்மா, அக்கா, தங்கச்சி எல்லாருக்கும் கும்பிடு. நான் தேவனாம்பட்டினம் வசந்தி. மார்க்கெட்டுல கருவாட்டுக்கடை போட்டிருக்கேனே, அந்த வசந்திதான். வாயாடி வசந்தின்னு சொன்னாத்தான் சில பேருக்கு அடையாளம் தெரியும். அங்காளம்மா எனக்குச் செஞ்சதை இங்க வந்து சொல்லுன்னு ரொம்ப நாளா கூப்பிடுறீங்க. இன்னிக்குச் சொல்லிடுறேன். நடுவுல அழுதா கண்டுக்காதீங்க.

எனக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு புள்ள உண்டாகி, வயித்துலயே செத்துப் பொறந்துச்சு. ஆம்பளப் புள்ள. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோட ஒட்டிக்கிட்டு வரலை. ரத்தம் நிக்கலை. என் உயிரைக் காப்பாத்தக் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் தொறந்தா எங்க வீட்டுக்காரர் தலைமாட்டுல நிக்கிறார். கடல்ல எத்தனையோ காத்தைப் பாத்த மனுஷன், துண்டால வாயைப் பொத்திக்கிட்டு அழுவுறார். அவர் சொல்லாமலேயே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

அதுக்கப்புறம் நான் நடமாடுனேன், வியாபாரம் பண்ணேன், எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். உள்ளுக்குள்ள ஒண்ணும் இல்ல. வளைகாப்புன்னு வெத்தலைபாக்கு வச்சுக் கூப்பிட்டா போகமாட்டேன். தெருவுல யாராச்சும் புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தா வேற தெருவுல சுத்திக்கிட்டுப் போவேன். அங்காளம்மா கோயிலுக்குப் போனா கும்பிட மாட்டேன், திட்டுவேன். "உனக்கு வெக்கமா இல்லையாடி"ன்னு கேட்டிருக்கேன். சாமியையே திட்டுறவ மனுஷங்களையா விட்டுவைப்பா? வீட்ல எல்லாரும் பயந்து பயந்துதான் என்கிட்ட பேசுவாங்க.

வீட்லன்னா, நாங்க கூட்டுக் குடும்பம். மாமனார் இல்ல, அத்தை மட்டும்தான். நாங்க ரெண்டு பேர். எங்க கொழுந்தன் சதீஷு, அவன் பொண்டாட்டி கௌசல்யா. கௌசின்னு கூப்பிடுவோம். பொறந்த ஊரு சிதம்பரம். என்னைவிட ரொம்பச் சின்னவ. யாழினின்னு ஒரு பொண்ணு, ஒண்ணாங்கிளாஸ் படிக்குது. கௌசி ஜாஸ்தி பேசமாட்டா. நான் பத்து வார்த்தை பேசுனா அவ ஒரு "ம்" போடுவா. மூத்த மருமக நான், எளையவ அவ, ஓர்ப்படிங்க நாங்க. வீட்ல என் பேச்சுதான் எடுபடும்.

அப்பத்தான் பாண்டிச்சேரியில ஒரு டாக்டரம்மா என்னைப் பாத்துட்டுச் சொன்னாங்க. "உங்களுக்குக் கர்ப்பப்பைதாம்மா இல்ல. சினைப்பை நல்லா இருக்கு. உங்க கருமுட்டையையும் உங்க வீட்டுக்காரர் விந்தணுவையும் வெளியில சேத்து கரு உண்டாக்கலாம். அதைச் சுமக்க ஒருத்தங்க முன்வரணும்"னாங்க. வாடகைத் தாய்னு பேப்பர்ல பாத்திருக்கேன். காசு கொடுத்தா யாராச்சும் வருவாங்கன்னு நெனச்சேன். அந்தம்மா தலையாட்டுனாங்க. இப்பல்லாம் காசு கொடுத்து யாரையும் சுமக்க வைக்கச் சட்டம் விடாதாம். ஆஸ்பத்திரிச் செலவும் அவளுக்கு இன்சூரன்சும் நாம பாக்கணும், அவ்வளவுதான். சுமக்கிறவ கல்யாணமானவளா இருக்கணும். சொந்தமா ஒரு புள்ள இருக்கணும். வயசு இருபத்தஞ்சுலேருந்து முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கணும். வாழ்க்கையில ஒரு தரம்தான் அப்படிச் சுமக்கலாம். எல்லாத்துக்கும் மேல, அவளா மனசாரச் சம்மதிக்கணும். "உங்க சொந்தத்துல யாராச்சும் இருக்காங்களா?"ன்னு கேட்டாங்க. அந்த நிமிஷமே என் மனசு கௌசிகிட்ட போயிடுச்சு. வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதை எல்லாருக்கும் பொதுவாத்தான் சொன்னேன்.

நேரா போயி, "கௌசி, இப்புடி ஒரு உதவி செய்வியா?"ன்னு கேட்டிருக்கலாம். கேக்கலை. எளையவகிட்ட கையேந்துறதான்னு ஒரு ரோஷம். அவ முடியாதுன்னுட்டா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஒரே வீட்ல சோறு திங்கிறதுன்னு ஒரு பயம்.

அந்த வருஷம் ஆடி மாசம் கூழ் ஊத்துன அன்னிக்கு நடந்தது உங்க எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்கு தீபாராதனை காட்டுறப்ப நான் மாரடிச்சுக்கிட்டு அழுதேன். "தாயே, என் வயித்தைப் புடுங்கிக்கிட்டியே, எங்க வீட்டுலயே வேற ஒரு வயித்தைக் காட்டுடி. பத்து மாசம் இடம் கொடுத்தா போதும்டி"ன்னு கத்துனேன். கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. பூசாரி தட்டைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டார். எனக்குத் தோள் உரசுற தூரத்துல, கூழ்ச் சொம்பைக் கையில வச்சுக்கிட்டு கௌசி நின்னுக்கிட்டிருந்தா.

அன்னிக்கு நான் கேட்டது அம்மாகிட்டயா, கௌசிகிட்டயா? நீங்க எல்லாரும் அதை வேண்டுதல்னு நெனச்சீங்க. பாவம், என்கூடச் சேந்து அழுதவங்களும் இங்க இருக்கீங்க. அது என்னன்னு கௌசிக்கு மட்டும் தெரிஞ்சிருந்துச்சு. எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு.

ஒரு வாரம் அவ சரியா பேசலை. அப்புறம் ஒரு சாயங்காலம், காயப்போட்ட நெத்திலியை நான் அள்ளிக்கிட்டிருந்தப்ப பக்கத்துல வந்து குந்துனா. "அக்கா, நான் சொமக்குறேன். அவருகிட்டயும் சொல்லிட்டேன்"னா. நான் அவளைக் கட்டிப்புடிச்சு அழுதேன். அம்மா காது கொடுத்துட்டா, காது கொடுத்துட்டான்னு அத்தைகிட்ட ஓடுனேன், எதிர்வீட்டுக்கு ஓடுனேன். அவ மொகம் எப்புடி இருந்துச்சுன்னு நான் திரும்பிப் பாக்கவே இல்ல.

ஊர்ல பேச்சு வராம இருக்குமா? "அதெப்புடி, அண்ணன் புள்ளையைத் தம்பி பொண்டாட்டி சொமக்குறது? கலிகாலம்"னு மீன் ஏலம் போடுற இடத்துல ரெண்டு பேர் பேசுனாங்க. நான் சும்மா விடுவேனா? "அடியே, என் வீட்டு அரிசி, என் வீட்டு மீனு. கேஸ் தீந்துபோச்சுன்னு அடுத்த வீட்டு அடுப்புல வச்சு ஆக்குனா கொழம்பு அவுங்களுதா ஆயிடுமா? டாக்டர் ஊசில எடுத்து, கண்ணாடியில வச்சு, உண்டான கருவைத்தான் உள்ள வைக்கிறாங்க. கௌசி ரத்தமும் இல்ல, சதீஷு ரத்தமும் இல்ல. தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்கடி"ன்னு வாயை அடைச்சுட்டு வந்தேன். வீட்ல வந்து அதைப் பெருமையா சொன்னேன். கௌசி கேட்டுட்டு, "அப்ப நான் அடுப்பாக்கா?"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. நானும் சிரிச்சேன். இப்ப அதை நெனச்சா உடம்பு கூசுது.

டாக்டருங்க குழுகிட்ட போனோம், சர்டிபிகேட் வாங்குனோம், கோர்ட்டுக்கும் போனோம். பொறக்கப்போற புள்ளைக்கு நாங்கதான் அப்பா அம்மான்னு ஆர்டர் வாங்கணும். ஜட்ஜம்மா கௌசியைப் பாத்து, "உன்னை யாராச்சும் கட்டாயப்படுத்துனாங்களாம்மா?"ன்னு கேட்டாங்க. "இல்லைங்கம்மா"ன்னா. யாரும் கட்டாயப்படுத்தலைதான். அடிக்கலை, மிரட்டலை. கோயில்ல கும்பிட்டேன், அவ்வளவுதானே? ஆனா அவ அந்த "இல்லைங்கம்மா"வைச் சொன்னப்ப நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

கரு மொதல் தரம் நிக்கலை. ரெண்டாவது தரம் நின்னுச்சு. ஊசி எல்லாம் அவ இடுப்புல. வாந்தி அவளுக்கு. கருவாட்டு வியாபாரம் பண்ற வீட்ல இருந்துக்கிட்டு அவளுக்குக் கருவாட்டு வாடையே ஆகாமப் போச்சு. நான் கடையிலேருந்து வந்தா ரெண்டு தரம் குளிச்சுட்டுத்தான் அவ கிட்ட போவேன். நல்லாத்தான் பாத்துக்கிட்டேன், பொய் சொல்லலை. மாதுளம்பழம், பால், முட்டைன்னு வாங்கிக் குவிச்சேன். ஆனா யாழினி அவ மடியில ஏறப் போனா, "ஏய், எறங்கு, பாப்பாவுக்கு வலிக்கும்"னு அதட்டுவேன். அந்தப் பொண்ணு கதவோரமா நின்னு அம்மாவையே பாத்துக்கிட்டு நிக்கும். ஒரு நாள் கௌசி, "அவளும் என் புள்ளதாங்க்கா"ன்னு மெதுவா சொன்னா. நான் காதுல வாங்காத மாதிரி உள்ள போயிட்டேன்.

எட்டாவது மாசம் கௌசிக்குத் திடீர்னு பிரஷர் ஏறிடுச்சு. காலும் மொகமும் வீங்கி, கண்ணு மங்கலா தெரியுதுன்னா. கடலூர்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனோம். உடனே ஆபரேஷன் பண்ணி எடுக்கணும், இல்லன்னா பெரிய உயிருக்கே ஆபத்துன்னாங்க. சதீஷு சுவத்துல தலையை வச்சுக்கிட்டு நின்னான். நான் புடவைத் தலைப்பைக் கையில ஏந்திக்கிட்டு, "அங்காளம்மா, என் புள்ளையைக் கொடு, என் புள்ளையைக் கொடு"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தேன். சதீஷு தலையைத் தூக்கி, "அண்ணி, கௌசிக்கும் சேத்து வேண்டிக்குங்க"ன்னான். எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. பாத்தீங்களா, அவளுக்காக நான் ஒரு வார்த்தை கேக்கலை. அப்புறம்தான் கேட்டேன்.

பொண்ணு பொறந்துச்சு. ஒன்றரைக் கிலோ. கௌசியும் பொழச்சுக்கிட்டா. புள்ளையை நேரா ஐ.சி.யூ.வுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள வச்சுட்டாங்க.

இனிமேதான் நான் பண்ண பெரிய தப்பு. கௌசி மயக்கம் தெளிஞ்சதும் மொத வார்த்தையா, "புள்ள எப்புடிக்கா இருக்கு?"ன்னு கேட்டா. அவ கண்ணுல தண்ணி. அதைப் பாத்ததும் எனக்கு வேற நெனப்பு ஓடுச்சு. இவ புள்ளையைத் தூக்கிட்டா, ஒரு தரம் மார்ல வச்சுட்டா, அப்புறம் கொடுப்பாளா? கோர்ட்டு ஆர்டர் என் கையில இருக்கு. ஆனாலும் பயம். டாக்டர்கிட்ட போயி, "அவளுக்குப் பால் வேணாங்க, வத்த மாத்திரை எழுதிக் கொடுங்க"ன்னேன். கௌசியைக் கேட்டீங்களான்னு கேட்டாங்க. கேட்டுட்டேன்னு பொய் சொன்னேன். டிஸ்சார்ஜ் ஆனதும், "அம்மா வீட்ல போயி நல்லா ரெஸ்ட் எடு"ன்னு நைசா பேசி சிதம்பரத்துக்கு அனுப்பிட்டேன். அவுங்க அம்மாவுக்கு முட்டிவலி, எழுந்து நடமாட முடியாது. அதனால அத்தையையும் கூட அனுப்புனேன். மாத்திரையை அத்தை கையிலயே கொடுத்து, "ஆபரேஷனுக்கு உள்ள மாத்திரை எல்லாம் இருக்கு, இதுல இந்தப் பட்டை பால் வத்துறதுக்கு, மறக்காமக் கொடுங்க"ன்னு சொல்லி அனுப்புனேன்.

புள்ளைக்குப் பவுடர் பால் கொடுக்க ஆரம்பிச்சாங்க. மூக்கு வழியா சின்னக் குழாய்ல. ஒத்துக்கலை. வயிறு ஊதிப் பளபளன்னு ஆயிடுச்சு. பச்சையா வாந்தி எடுத்துச்சு. பாலை நிறுத்திட்டு நரம்புல குளுக்கோஸ் ஏத்துனாங்க. திரும்பக் கொடுத்துப் பாத்தாங்க, திரும்ப ஊதிச்சு. எடை கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. குழந்தை டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "கொறமாசக் குழந்தை. பவுடர் பால்ல இப்படியே போனா குடலே பாதிக்கலாம்மா. தாய்ப்பால்தான் இப்ப மருந்து. பால் வங்கியில கேட்டோம், அங்க இப்ப இல்ல. சுமந்தவங்ககிட்ட பால் இருக்கா?"ன்னு கேட்டார். "இல்லைங்க, வத்த மாத்திரை கொடுத்தாச்சு"ன்னேன். அவர் பேனாவை மூடி ஜோபியில வச்சுக்கிட்டார்.

ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து வேண்டுனேன். இந்தத் தரம் கத்தலை. கத்தத் தெம்பு இல்ல. "அம்மா, எம்பொண்ணு வாயில ஒரு சொட்டுப் பால் எறங்கணும். என்ன வேணா பண்ணு, என்னை என்ன வேணா பண்ணு"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தேன். அழுது அழுது மூக்கடைச்சுக்கிச்சு. அப்ப சிதம்பரத்துலேருந்து அத்தை போன் பண்ணாங்க.

"வசந்தி, கௌசிக்குப் பால் கட்டிக்கிச்சும்மா. மாரெல்லாம் கல்லு மாதிரி இருக்கு, ஜுரம் வேற அடிக்குது. புள்ளையை எப்பம்மா தூக்கிக்கிட்டு வருவ?"

"பால் கட்டிக்கிச்சா? அத்தை, மாத்திரை போடலையா?"

"எது, அந்தப் பால் வத்துற மாத்திரையா? அட போம்மா. பெத்த பொண்ணுக்குப் பால் வத்த எவளாச்சும் மாத்திரை கொடுப்பாளா? நான் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன். தெனம் பால் சுறா வாங்கியாறச் சொல்லிப் புட்டு வச்சுக் கொடுக்குறேன். பூண்டு நெறைய தட்டிப் போட்டு. நானும் எங்க ஓர்ப்படியும் மாத்தி மாத்தித்தானே புள்ளைங்களுக்குப் பால் கொடுத்தோம். உன் புருஷனே அவ பால் குடிச்சு வளந்தவன்தான்."

நம்ம பக்கத்துல புள்ள பெத்தவளுக்குப் பால் சுறாப் புட்டு கொடுத்தா பால் பொங்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அத்தைக்கு அவ்வளவுதான் தெரியும். பெத்தவ ஒருத்தி இருக்கா, புட்டு வச்சுக் கொடுக்கணும். யாரு புள்ள, எந்தக் கோர்ட்டு, எந்த ஆர்டர், அதெல்லாம் அவுங்க கணக்குலயே இல்ல. நான் அவுங்களைப் போன்லயே கிழிச்சேன். "உங்களுக்கு அறிவு இருக்கா? யாரைக் கேட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்க? அவளைக் கஷ்டப்படுத்திட்டீங்களே"ன்னு கத்துனேன். அவளைக் கஷ்டப்படுத்திட்டீங்கன்னு நான் சொல்றேன் பாருங்க! போனை வச்சுட்டேன்.

வச்சப்புறம்தான் உறைச்சுச்சு. ஒரு சொட்டுப் பால் கேட்டேன். அம்மா போன் போட்டுச் சொல்லுறா, சிதம்பரத்துல பால் இருக்குன்னு. நான் திட்டிட்டு வச்சிருக்கேன்.

எங்க வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு சிதம்பரம் பஸ் ஏறுனேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம்னு பஸ் நின்னு நின்னு போவுது. வழி பூரா என்ன பேசுறதுன்னு ஒத்திகை பாத்தேன். அம்மா உத்தரவுன்னு சொல்லலாமா? அம்மா கனவுல வந்தான்னு சொன்னா கௌசி மறுக்க மாட்டா. அந்த நெனப்பு எனக்கு வந்துச்சுங்க, மறைக்கலை. மறுபடியும் சாமியை முன்னாடி தள்ளிவிட்டு நான் பின்னாடி நிக்கப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல எறங்குறப்ப என் மேலயே எனக்குக் காறித் துப்பணும்போல இருந்துச்சு.

அவ அம்மா வீட்டுக்குள்ள போனா, கௌசி தோட்டத்துப் பக்கம் தொவைக்கிற கல்லுகிட்ட நின்னுக்கிட்டிருந்தா. ஒரு கையால சுவத்தைப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பாலைப் பீச்சி வாய்க்கால்ல விட்டுக்கிட்டிருந்தா. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி. எம்பொண்ணு அங்க ஒரு சொட்டுக்குச் சாவுது, இங்க பால் சாக்கடையில போவுது. அங்கயே உக்காந்துட்டேன்.

என்னைப் பாத்ததும், "புள்ளைக்கு என்னாச்சு?"ன்னு பதறுனா. சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். மாத்திரை விஷயத்தையும் சொன்னேன், அவளைக் கேக்காம டாக்டர்கிட்ட பொய் சொன்னதையும். அவ புடவையைச் சரி பண்ணிக்கிட்டு எதிர்ல குந்துனா.

"அன்னிக்குக் கூழ் ஊத்துறப்ப நீ அம்மன்கிட்டதாங்க்கா கேட்ட. என்னைக் கேக்கலை. தெருவே நம்ம பக்கம் திரும்பிப் பாக்குது. நான் எப்புடிக்கா முடியாதுன்னு சொல்லுறது? எனக்கும் யாழினிக்கு ஒரு தம்பி வேணும்னு ஆசை இருந்துச்சு. அதை யார்கிட்ட சொல்லுறது?"

அவகிட்ட இவ்வளவு பேச்சு இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அவ கையைப் புடிச்சேன். "கௌசி, இப்ப உன்னைக் கேக்குறேன். அம்மனைக் கேக்கலை, அத்தையைக் கேக்கலை, சதீஷுகிட்ட சொல்லலை. எம்பொண்ணுக்குப் பால் கொடுப்பியா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு. சத்தியமா ஒரு வார்த்தை பேசமாட்டேன், எந்திரிச்சுப் போயிடுறேன்"னேன். சொல்லிட்டு அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தேன். கோயில்ல கத்துனது சுலபம்ங்க. இது இருக்கே, உசுரே போயிடுச்சு. அவ முடியாதுன்னு சொன்னா எம்பொண்ணு இல்ல. அப்படிச் சொல்லவும் அவளுக்கு உரிமை இருக்கு.

என் புடியிலேருந்து கையை உருவிக்கிட்டு, "வரமாட்டேங்க்கா"ன்னா. எம்பொண்ணு போயிட்டான்னே நெனச்சேன். "அங்க வரமாட்டேன். புள்ளையைப் பாத்தா திரும்பி வர என்னால முடியாது. இங்கேருந்து பாலைக் கொடுத்தனுப்புறேன். எப்ப நிறுத்துறதுன்னு நான்தான் சொல்லுவேன். நீயும் பேசக்கூடாது, அத்தையும் பேசக்கூடாது"ன்னா. சரின்னேன். அத்தை கதவுக்குப் பின்னாடி நின்னு மூக்கை உறிஞ்சுறது கேட்டுச்சு.

டாக்டர்கிட்ட போன் போட்டுக் கேட்டோம். கௌசி என்னென்ன மாத்திரை போடுறான்னு கேட்டுக்கிட்டார், ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொன்னார், கொடுக்கலாம்னார். பாலைச் சுத்தமான பாட்டில்ல எடுத்து, ஜில்லுன்னு இருக்க வச்சுக் கொண்டாரணும்னார். ஜில்லுன்னு வைக்கிறதுக்கா எங்களுக்குச் சொல்லித் தரணும்? மீனு பார்சல் பண்ற தெர்மாகோல் பொட்டி புதுசா ஒண்ணு வாங்கி, ஐஸை உடைச்சுப் போட்டு, சதீஷு தெனம் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பைக்ல ஓடுனான். மீனுக்குக்கூட அவ்வளவு பதமா ஐஸ் போட்டிருக்க மாட்டான். ஆஸ்பத்திரியில நர்ஸம்மா அதைப் பாத்து, "இன்னிக்கு என்ன மீனுண்ணா?"ன்னு கேலி பண்ணுவாங்க.

மொத நாள் ரொம்பக் கொஞ்சம் கொடுத்துப் பாத்தாங்க. வயிறு ஊதலை. மறுநாளும் ஊதலை. வாந்தி நின்னுச்சு. ஒரு நாள் டாக்டர், "எடை கூடியிருக்கும்மா"ன்னார். நான் அவர் காலைத் தொடப் போனேன். "காலைத் தொடணும்னா அந்தப் பாட்டில் எங்கேருந்து வருதோ அங்க போங்க"ன்னார். நல்ல மனுஷன்.

புள்ளையை வீட்டுக்குக் கொண்டாந்த கொஞ்ச நாள்ல சதீஷு பொட்டியை எறக்கி வச்சுட்டு, "அண்ணி, இன்னியோட போதும்னுட்டா"ன்னான். எனக்கு நாக்கு துடிச்சுச்சு. இன்னும் ஒரே ஒரு வாரம்னு கேக்கலாம். கேட்டா செய்வா. அது தெரிஞ்சதாலதான் கேக்கலை. டாக்டரைப் போயிப் பாத்தேன், இப்ப பவுடர் பால் தாங்கும்னார். தாங்குச்சு. அங்காளம்மா அதையும் பாத்துக்கிட்டா.

கௌசி அவளா நாள் பாத்து ஊருக்கு வந்தா. தொட்டில்கிட்ட போயி கொஞ்ச நேரம் நின்னா. திரும்பி, "தூக்கட்டுமாக்கா?"ன்னா. "என்னைப் போயி கேக்குறியேடி"ன்னு நான் அழ ஆரம்பிச்சுட்டேன். "கேக்கணுமில்ல, நீதானே அம்மா"ன்னா. தூக்குனா, மோந்து பாத்தா, அழுதா. அப்புறம் என் மடியில போட்டுட்டு யாழினிக்குத் தலைவார உள்ள போயிட்டா. பொண்ணுக்கு மகிழினின்னு பேரு வச்சோம். யாழினி சொன்ன பேரு.

புள்ள நல்லா இருக்கா. தவழுறா, நெத்திலியைக் கண்டா வாயில வச்சுக்கிறா. எனக்குக் குத்த உணர்ச்சி போயிடுச்சான்னு கேட்டா, போகலைங்க. ஆபரேஷன் ஆன உடம்பு, இன்னொரு புள்ளைக்குக் கொஞ்ச வருஷம் பொறுக்கணும்னு டாக்டர் கௌசிக்குச் சொல்லியிருக்காங்க. அந்த வருஷங்களை நான் எடுத்துக்கிட்டேன். அதை எதைக் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது. கொஞ்ச நாள் அவளைப் பாக்குறப்பல்லாம் கையெடுத்துக் கும்பிட்டேன். பாத்திரம் கழுவ விடமாட்டேன். மீனுல நடுத்துண்டம் அவளுக்குத்தான். அவ என்ன சொன்னாலும் சரி சரின்னு தலையாட்டுனேன். ஒரு நாள் அவளுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "யக்கா, காலைல எந்திரிச்சா கும்புடுற, ராத்திரி படுக்கப்போனா கும்புடுற. நான் என்ன சாமியா? இந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு என்னால ஒரு வீட்ல இருக்க முடியலை. ஓர்ப்படி மாதிரி இரு, ஒழுங்கா சண்டை போடு"ன்னுட்டா.

உங்கள்ல யாருக்காச்சும் எனக்கு வந்த கஷ்டம் இருக்கலாம். வாடகைத் தாய்னு வெறும் வாயில சொல்லிடுறோம். காசுக்கு வாங்குற சமாச்சாரம் இல்ல அது. ஒரு பொம்பளை தன் ரத்தத்தையும் தூக்கத்தையும் தன் புள்ளையோட மடியையும் உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறா. அந்த வழியில போறவங்க தைரியமாப் போங்க. அங்காளம்மாவை நம்புங்க. கல்லு மாதிரி உக்காந்திருக்கான்னு நான் திட்டுனவ, குப்பையில போன மாத்திரையை வச்சே எம்பொண்ணைக் காப்பாத்துனா. அவகிட்ட என்ன வேணா கேளுங்க, திட்டிக்கூட கேளுங்க. ஆனா மனுஷிகிட்ட கேக்க வேண்டியதை அந்த மனுஷிகிட்டயே கேளுங்க. தனியா கூப்பிட்டு, அவ இல்லன்னு சொல்ல இடம் விட்டுக் கேளுங்க.

நேத்துக் காலைல குழாய்ல தண்ணி வந்துச்சு. கூட்டம். நான் லேட்டாப் போயி, பழைய ஞாபகத்துல, "ஏ கௌசி, உன் கொடத்தை எடுடி, மூத்தவ நான் மொதல்ல புடிச்சுக்கிறேன்"னேன். இடுப்புல கையை வச்சுக்கிட்டு, தெருவே கேக்குறாப்புல, "முடியாது போக்கா, வரிசைல வா"ன்னா. எல்லாரும் என் வாயைப் பாத்தாங்க, இவ இப்ப கிழிக்கப்போறான்னு. நான் கொடத்தை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயி நின்னேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு. அம்மா தாயே, அவ வாயால "முடியாது"ன்னு ஒரு வார்த்தையை என் காதுல கேக்க வச்சியே, உனக்குக் கோடி கும்பிடு.